சவுந்தரமும் சுத்துப்பானையும்

அப்துல் அஜீஸின் வலது கை முறிந்த நாளில் சவுந்தரம் மடிப்பு மேசையில் நின்றுகொண்டிருந்தாள். இருவருக்கும் இடையே நாலைந்து எட்டுத் தூரம்தான். அவர் சுத்துப்பானையின் மூடியைத் திறந்ததைப் பார்த்தாள். உள்ளே கையை விட்டதையும் பார்த்தாள். அதற்குப் பிறகு நடந்ததை அவள் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. கணவன் பீட்டரிடம்கூட, "போர்வை அவரை உள்ள கூப்பிட்டுக்கிச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அது 1927. பினாங்கில் வெல்ட் கீ துறைக்குப் பின்புறத் தெரு ஒன்றில், கப்பல்களின் படுக்கை விரிப்புகளையும் ஹோட்டல்களின் மேசைத் துணிகளையும் வெளுத்துக் கொடுக்கும் நீராவிச் சலவைச் சாலை இருந்தது. தகரச் சுவர், தகரக் கூரை. ஒரு மூலையில் நீராவி இஞ்சின். அது சுழற்றும் நீண்ட இரும்புத் தண்டு கூரையை ஒட்டி ஓடியது. தண்டில் வரிசையாகச் சக்கரங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு தோல் பெல்ட் இறங்கி ஒவ்வோர் இயந்திரத்தை ஓட்டியது.

அவற்றில் ஒன்றுதான் ஈரத் துணியின் தண்ணீரை எடுக்கும் இயந்திரம். சுற்றிலும் துளை போட்ட பெரிய செம்புக் கூடை, இடுப்பளவு உயரத்தில், கால் வைத்த இரும்பு உறைக்குள் பம்பரம்போலச் சுழலும். துணியிலுள்ள தண்ணீர் துளைகள் வழியே தெறித்து, உறைக்குள் வழிந்து, குழாய் வழியாகச் சாக்கடைக்குப் போய்விடும். ஆங்கிலத்தில் அதற்கு ஏதோ பெயர் இருந்தது. வேலையாட்கள் அதைச் சுத்துப்பானை என்றார்கள்.

சவுந்தரம் பினாங்கிலேயே பிறந்தவள். தகப்பனார் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்து துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். பினாங்கு ரோட்டுச் சவேரியார் கோவிலில் அவளுக்கு ஞானஸ்நானம்; பிறகு அங்கேயே பீட்டரோடு கல்யாணம். பீட்டர் கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்கேற்றி ஓடும் தொங்காங் படகில் வேலை பார்த்தான். பிள்ளைகள் இல்லை. சிறுவயதிலிருந்தே அவள் பயந்த சுபாவம் என்று எல்லாரும் சொல்வார்கள். இடி என்றால் பயம், நாய் என்றால் பயம். அக்கரைப் பட்டர்வொர்த்துக்குப் போகும் படகில் கண்ணை மூடிக்கொண்டுதான் உட்காருவாள். சலவைச் சாலையில் மடிக்கிற வேலை கிடைத்தபோது, அது இயந்திரத்தைத் தொடாத வேலை என்பதுதான் அவளுக்குப் பெரிய நிம்மதி.

அஜீஸை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மறுநாள், மேனேஜர் துரை மடிப்பு மேசைப் பக்கம் வந்து நின்றார். ஆண்களில் ஒருவரும் சுத்துப்பானையைத் தொட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். துரையின் விரல் சலேஹாவைக் காட்டியது. சலேஹா இஸ்திரி போடுகிறவள். தமிழ் முஸ்லிம் தகப்பனுக்கும் மலாய்த் தாய்க்கும் பிறந்தவள். அப்போது அவளுக்கு ஐந்து மாதம். அவள் முகம் வெளுத்துப் போனதைச் சவுந்தரம் பார்த்தாள்.

"நான் பாக்குறேன்," என்றது ஒரு குரல். அது தன் குரல்தான் என்று சவுந்தரத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

துரை தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். சலேஹா அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"அக்கா, ஏன் சொன்னீங்க? உங்களுக்குத்தான் தாக்குட் ஆச்சே லா."

"ஆமா. ரொம்பப் பயம்," என்றாள் சவுந்தரம்.

அவளுக்கு இயந்திரத்தைக் காட்டிக் கொடுத்தவர் விநாசித்தம்பி. இஞ்சினைப் பார்த்துக்கொள்பவர், யாழ்ப்பாணத்தில் ஆங்கிலப் பள்ளியில் படித்தவர். ரயில்வேயில் கிளார்க்காக வந்து, அந்த நாற்காலி பிடிக்காமல் இஞ்சினோடு ஒட்டிக்கொண்டவர். கைப்பிடியை இந்தப் பக்கம் தள்ளினால் பெல்ட் ஓட்டும் சக்கரத்துக்கு வரும். அந்தப் பக்கம் தள்ளினால் சும்மா சுற்றும் சக்கரத்துக்கு நகர்ந்துவிடும், கூடைக்கு விசை போகாது. கீழே காலால் மிதிக்கும் பிரேக்கு. அவ்வளவுதான். அவர் சொல்லி முடித்தபோது சவுந்தரம் கேட்டாள்:

"அஜீஸண்ணே எத்தனையோ வருஷமா இதப் பாத்தாரு. எப்ப நிக்கும்னு அவருக்குத் தெரியாதா, அண்ணே?"

விநாசித்தம்பி இயந்திரத்தைப் பார்த்தார். எண்ணெய்த் துணியால் விரல்களைத் துடைத்தார்.

"தெரியும் தங்கச்சி. அந்தப் பழக்கந்தான் ஆளை விழுத்தினது. துவாய் போட்டால் எப்ப நிக்கும் எண்டு அவருக்குக் கைப்பழக்கம். அண்டைக்குப் போட்டது கம்பளிப் போர்வை. நனைஞ்ச கம்பளி எவ்வளவு பாரம்? அந்தப் பாரம் முழுக்கப் போய்க் கூடையின்ரை விளிம்பிலை ஒட்டிக்கொண்டு நிக்கும். நடுவிலை இருக்கிற பாரம் பெரிசாய் ஒண்டும் செய்யாது. விளிம்பிலை இருக்கிறதுதான் சுத்தத் தொடங்கவும் கனநேரம் எடுக்கும், நிக்கவும் கனநேரம் எடுக்கும். அவர் நிண்டுட்டுது எண்டு நினைச்சார். அது நிக்கேல்லை."

"சுத்துறது கண்ணுக்கே தெரியலையே."

"ஓம். நாலு பக்கமும் ஒரே மாதிரிக் கூடை. சுத்தினாலும் சும்மா இருந்தாலும் ஒரே மாதிரித்தான் தெரியும்."

அன்று மத்தியானம் சவுந்தரம் துணிக்குப் போடும் நீலத்தைக் குழைத்து, கூடையின் நடுத் தண்டின் தலையில் ஒரு பக்கமாகக் கட்டைவிரலால் அப்பினாள். மூடியில் இருந்த சின்னக் கண்ணாடி வழியாக அந்த நீலப்பொட்டு தெரிந்தது. ஓடும்போது அது வளையமாகத் தெரியும். பொட்டாகி, அப்படியே அசையாமல் நின்ற பிறகும் அவள் கொஞ்ச நேரம் காத்திருப்பாள். பிறகு பிரம்புக் குச்சியை விட்டுத் தொட்டுப் பார்ப்பாள். அதற்கும் பிறகுதான் கை.

பயம் குறையவில்லை. காலையில் தெருமுனை திரும்பும்போதே சிலுவை போட்டுக்கொள்வாள். கூடை வேகம் எடுக்கும்போது எழும் ஊளை அவள் பல்லில் கூசும். கைப்பிடியைத் தள்ளிவிட்டு ஒவ்வொரு தடவையும் பின்வாங்கிக் கதவருகே போய் நின்று ஜெபமாலை சொல்வாள். கூடையில் துணி ஒரு பக்கம் கூடுதலாக இருந்தால் இயந்திரம் தரையைக் குத்தும் என்பதை முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டாள். அதனால் ஒரு விரிப்பை இங்கே வைத்தால் அதே கனத்தில் இன்னொன்றை நேர் எதிரே வைப்பாள். பிள்ளைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோல் அவள் கூடையைச் சுற்றிச் சுற்றித் துணி அடுக்குவதைப் பார்த்து ஆண்கள் சிரித்தார்கள். அவள் அடுக்கியபோது கூடை அதிராமல் ஓடியது.

ஓரிரு மாதம் அப்படியே போனது. பிறகு கப்பல்கள் கூடின. காலையில் வரும் அழுக்கு மூட்டை மாலைக்குள் வெள்ளையாகக் கப்பலேற வேண்டும் என்ற நெருக்கடி. சீக்கிரம் துணியை உலர்த்த வேண்டும் என்றார் துரை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓட்டம் நின்றிருந்தபோது, விநாசித்தம்பி துரை சொன்னபடி கூரைத் தண்டில் இருந்த சக்கரத்தைக் கழற்றிவிட்டு அதைவிடப் பெரிய சக்கரத்தை மாட்டினார். பெரிய சக்கரம் ஒரு சுற்றுக்கு அதிக நீளம் பெல்ட்டை இழுக்கும். கூடை முன்னைவிட ஒன்றரை மடங்கு வேகமாகச் சுழலும்.

திங்கட்கிழமை கைப்பிடியைத் தள்ளியதுமே சவுந்தரத்துக்குத் தெரிந்துவிட்டது. ஊளை இல்லை அது, கீச்சிட்ட கத்தல். எவ்வளவு பார்த்து அடுக்கினாலும், ஒரு துவாலை சற்றே தள்ளி உட்கார்ந்தாலும், தரை அதிர்ந்தது. முன்பு அந்த அளவு பிசகுக்கு உறை லேசாக நடுங்கும். இப்போது மடிப்பு மேசையில் இருந்த கோப்பை ஊர்ந்தது.

"அண்ணே, இது நீங்க சொன்ன ஒன்னரைப் பங்கு இல்ல," என்று அவள் விநாசித்தம்பியிடம் போய்ச் சொன்னாள். "அதவிட நெறைய ஏதோ நடக்குது."

"வேகம் ஒண்டரை மடங்குதான் தங்கச்சி. சக்கரத்தை அளந்து தானே போட்டனான்."

அவளுக்கு விளக்கத் தெரியவில்லை. ஆனால் நம்பவும் முடியவில்லை. அன்று வீட்டுக்குப் போனதும், குழாயடிக்குப் பின்னால் இருந்த வெளியில், சின்ன வாளியில் பாதித் தண்ணீர் பிடித்துக் காதில் கயிறு கட்டிச் சுழற்றினாள். மெதுவாகச் சுழற்றியபோது கயிறு கையை லேசாக இழுத்தது. இன்னும் கொஞ்சம் வேகமாக்கினாள். இழுப்பு கொஞ்சம் கூடவில்லை, வெகுவாகக் கூடியது. தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. பீட்டர் வாசலில் வந்து நின்று, "என்ன செய்றே? பேய் புடிச்சிருக்கா?" என்றான்.

அவள் பதில் சொல்வதற்குள் கயிறு அறுந்தது.

வாளி தன் முகத்துக்கு நேரே தெரிந்த நொடியில் அறுந்ததால், அது நேரே முன்னால் போய் வேலியில் விழும் என்றுதான் அவள் நினைத்தாள். அது அப்படிப் போகவில்லை. அந்த நொடியில் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கமே, நேர்கோடாக, இடப்புறம் பறந்து பீட்டரின் காதை ஒட்டிப் போய்ச் சுவரில் மோதி நசுங்கியது. பீட்டர் அசையாமல் நின்றான். சவுந்தரம் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பீட்டரு, ஒன்ன கொன்னிருப்பேன்."

"இல்ல, இல்ல. எந்திரி," என்றான் அவன்.

அடுத்த நாள் அவள் விநாசித்தம்பியிடம் வாளிக் கதையைச் சொன்னாள். அவர் முதலில் சிரிக்கப் பார்த்தார். பாதியில் சிரிப்பு நின்றது. ஒரு கரித்துண்டை எடுத்து இஞ்சின் பக்கத்துச் சுவரில் ஏதோ போட்டுப் பார்த்தார். படித்த காலத்துப் பாடம், மறந்து கிடந்தது, மெல்ல வெளியே வந்தது.

"கடவுளே," என்றார். "வேகத்தை வேகத்தாலை பெருக்க வேணும். ரெண்டு மடங்கு வேகம் எண்டால் நாலு மடங்கு இழுவை. இது ஒண்டரை மடங்கு வேகம். அப்ப இழுவை ரெண்டேகால் மடங்கு. நான் சக்கரத்தை மட்டும் அளந்தனான். இதைப் பாக்கேல்லை."

"இழுக்கிறது யாரு, அண்ணே?"

"கூடைதான். தண்ணியும் துணியும் நேரே போகத்தான் பாக்கும், உங்கடை வாளி மாதிரி. தண்ணிக்கு ஓட்டை இருக்கு, அது போய்விடும். துணிக்கு வழியில்லை. கூடையின்ரை சுவர்தான் அதை உள்ளுக்கை பிடிச்சு வளைச்சுக்கொண்டு நிக்குது. முந்தி பிடிச்சதிலும் ரெண்டேகால் மடங்கு இப்ப பிடிக்குது. தன்ரை பாரத்தையும் சேர்த்து."

"பிடிக்க முடியாம போனா?"

அவர் கரித்துண்டைக் கீழே வைத்தார். "துண்டு துண்டாய் நேரே போகும். எந்தத் துண்டு எந்தப் பக்கம் எண்டு சொல்லேலாது. சுத்தி எங்கை நிண்டாலும் ஒண்டுதான். கதவடியும் அப்பிடித்தான்."

கதவருகே நின்றால் தப்பிக்கலாம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தது பொய் என்று சவுந்தரத்துக்குத் தெரிந்தது. அவள் கேட்டாள்: "கூடை இடுப்பு உயரத்துல சுத்துது. தரையில படுத்துட்டா?"

விநாசித்தம்பி திரும்பி அந்த உறையை, அதன் கால்களை, கீழே இருந்த இடைவெளியைப் பார்த்தார். "ஓம்," என்றார் மெதுவாக. "பறக்கிறது அந்த மட்டத்திலைதான் பறக்கும். படுத்தால் மேலாலை போகும். எனக்கும் பயமாய்த்தான் கிடக்கு, தங்கச்சி. நான் இப்பவே போய்ச் சொல்லுறன்."

உடனே போய்ச் சொன்னார். துரை கேட்டுக்கொண்டார், கோபப்படவில்லை. துறையில் ஒரு பெரிய கப்பல் நின்றது. அதன் துணி முழுவதும் உள்ளே வந்துவிட்டது. அந்தக் கப்பல் புறப்பட்டதும் பழைய சக்கரத்தை மாட்டிக்கொள்ளலாம் என்றார். விநாசித்தம்பி வாதாடினார். "கப்பல் போகட்டும்" என்ற பதிலே திரும்ப வந்தது.

அடுத்த நாள் பிற்பகல், வெயில் தகரத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்த நேரம். சவுந்தரம் விரிப்புகளைக் குறைவாகவே அடுக்கி, எதிரெதிராகச் சரிபார்த்து, கைப்பிடியைத் தள்ளினாள். கூடை கீச்சிட்டு வேகம் பிடித்தது. அதிர்வு அதிகமில்லை. நீலம் வளையமாகத் தெரிந்தது. அப்போது அந்தக் கத்தலுக்கு அடியில் வேறொரு சத்தம் கேட்டது: டிக், டிக் என்று, நகம் உடைவதுபோல்.

அவள் கைப்பிடியை மறுபக்கம் தள்ளினாள். பெல்ட் நகர்ந்தது. ஆனால் கூடை தன் வேகத்தில் ஓடிக்கொண்டேயிருந்தது. அது இப்போதைக்கு நிற்காது என்று அவளுக்குத் தெரியும். பிரேக்கை மிதிக்கக் கால் எழுந்தது. டிக் என்ற சத்தம் நெருங்கி நெருங்கி வந்தது. நிற்பதற்குள் கூடை உடைந்துவிடும் என்று பட்டது; காலை எடுத்துவிட்டாள்.

"படுங்க. எல்லாரும் தரையில படுங்க," என்று கத்திக்கொண்டே விழுந்தாள்.

கன்னம் ஈரச் சிமெண்டில் ஒட்டியது. விநாசித்தம்பி நீராவியை அடைத்துவிட்டு இஞ்சின் மேடைக்குப் பின்னால் குப்புற விழுவது தெரிந்தது. துவைக்கும் ஆட்கள் ஒருவர்பின் ஒருவராகப் படுத்தார்கள். இஸ்திரி மேசையருகே இரண்டு கால்கள் மட்டும் நின்றுகொண்டிருந்தன. சலேஹாவின் கால்கள். அவள் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். இரைச்சலில் கேட்கவில்லை.

சவுந்தரம் அவள் பெயரைக் கத்தினாள். சத்தம் வெளியே வந்ததா என்றே தெரியவில்லை. எழுந்து ஓடினால் சீக்கிரம் போய்விடலாம், ஆனால் எழ முடியாது. அழுதுகொண்டே வயிற்றால் ஊர்ந்தாள். இயந்திரத்தின் காலைத் தாண்டித்தான் போகவேண்டியிருந்தது. அதன் அதிர்வு அவள் நெஞ்செலும்பில் ஏறியது. சலேஹாவின் கணுக்காலைப் பிடித்து இழுத்தாள். சலேஹா திடுக்கிட்டு, இஸ்திரிப் பெட்டியைப் போட்டுவிட்டு, மேசைக்காலைப் பிடித்தபடி உட்கார்ந்தாள்.

"என்ன அக்கா, சூடு பட்டிருக்கும்—"

சவுந்தரம் அவளைப் பக்கவாட்டில் சாய்த்து மேலே கவிழ்ந்தாள்.

வெடித்த சத்தத்தை அவள் கேட்கவில்லை. காற்று அடித்ததுபோல் இருந்தது, பிறகு ஒன்றுமேயில்லை. கண்ணைத் திறந்தபோது தகரச் சுவரில் கிழிந்த ஓட்டை வழியாகத் தெருவின் வெயில் உள்ளே விழுந்திருந்தது. இடுப்பு உயரத்தில் ஒரு கிழிசல், எதிர்ச் சுவரில் இன்னொன்று. இஸ்திரி மேசையின் மேல்பலகை இரண்டாகப் பிளந்து தொங்கியது. வெள்ளை விரிப்புகள் கூரைக் கட்டைகளில் தொங்கின. சலேஹாவின் வாய் அசைந்துகொண்டேயிருந்தது. அவள் சொல்வது சவுந்தரத்துக்கு வலக்காதில்தான், வெகுதூரத்திலிருந்து, கேட்டது. இடக்காது அன்றோடு போனது.

யாரும் சாகவில்லை. துவைப்பவர் ஒருவருக்குக் கூரைத் தகரம் விழுந்து தலையில் காயம். ஒரு துண்டு தெருவைத் தாண்டிச் சாக்கடையில் கிடந்தது. நல்லவேளை, அப்போது அந்த வழியில் எவரும் வரவில்லை.

இயந்திரங்களைப் பார்வையிடும் அரசாங்க அதிகாரி வந்தார். துணியை அளவுக்கு மீறித் திணித்ததால் நேர்ந்தது என்றார் துரை. எல்லார் கண்ணும் சவுந்தரத்தின் பக்கம் திரும்பியது. அவள் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். விநாசித்தம்பி முன்னால் வந்தார்.

"பெரிய சக்கரத்தைப் போட்டது நான்," என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு தமிழில் அவளைப் பார்த்து, "நீங்கள் எப்பிடி அடுக்கினனீங்கள் எண்டு சொல்லுங்கோ, தங்கச்சி. நான் அவருக்குச் சொல்லுறன்," என்றார்.

அவள் சொன்னாள். கைகளால் கூடையைக் காட்டி, இங்கே ஒன்று, எதிரே ஒன்று என்று காற்றிலேயே அடுக்கிக் காட்டினாள். அதிகாரி உடைந்த செம்புத் துண்டை ஒளியில் திருப்பிப் பார்த்தார். முறிவின் ஓரத்தில் ஒரு பகுதி கறுத்திருந்தது. அங்கே விரிசல் பல நாளாகவே இருந்திருக்கிறது. வேகம் கூடியதும் அது கூடையின் நீளத்துக்கும் ஓடிவிட்டது. பெரிய சக்கரத்தைக் கழற்றச் சொல்லி அவர் உத்தரவிட்டார். விநாசித்தம்பியை வேலையைவிட்டு எடுப்பதாகத் துரை மிரட்டினார். இஞ்சினைத் தெரிந்த வேறு ஆள் கிடைக்காததால் எடுக்கவில்லை.

சலேஹாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. உரிய காலத்தில் பெண் குழந்தை பிறந்தது. ரோஹானா என்று பெயர் வைத்தார்கள். சவுந்தரம் பார்க்கப் போனபோது சலேஹாவின் தாய் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

புதுக் கூடை வந்ததும், அதை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி மறுபடி வந்தது. போகவே கூடாது என்றான் பீட்டர். சவுந்தரம் இரண்டு நாள் வீட்டில் இருந்தாள். தனக்குப் பதில் வரும் யாரோ ஒருத்தி, கூடையைச் சுற்றி அடுக்கத் தெரியாமல், கதவருகே நின்றால் போதும் என்று நினைத்துக்கொண்டு நிற்பாளே என்ற எண்ணம் அவளை விடவில்லை. மூன்றாம் நாள் போனாள். மூடி, கூடை நின்றால் மட்டுமே திறக்கும்படி கொக்கி வைக்க வேண்டும், கைப்பிடியை இயந்திரத்திலிருந்து எடுத்து, இஞ்சினின் செங்கல் மேடைக்குப் பின்னால் இருந்து இழுக்கும்படி கம்பி போட வேண்டும் என்று விநாசித்தம்பி மூலம் துரையிடம் கேட்டாள். கம்பிக்குச் சம்மதித்தார். கொக்கியை விநாசித்தம்பியே செய்து மாட்டினார்.

முதல் ஓட்டத்தின்போது அவள் செங்கலுக்குப் பின்னால் குந்தி, கண்ணை இறுக மூடிக் கம்பியை இழுத்தாள். ஊளை எழுந்து, ஒரே சீராக நின்று, தணிந்தது. ரவிக்கை முழுதும் நனைந்திருந்தது. எழுந்து போய்த் துணியை எடுத்தாள்.

அப்படியே எட்டு வருஷம் அவள் அந்த வேலையைப் பார்த்தாள். ஒருநாளாவது பயமில்லாமல் கம்பியை இழுத்ததாக அவள் சொன்னதில்லை. 1935-இல் பீட்டருக்குக் கடலுக்கு அக்கரையில் சிம்பாங் அம்பாட்டில் ஒரு தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்து, இருவரும் அங்கே குடிபோனார்கள். பக்கத்து வீட்டில் வாத்து வளர்த்தார்கள். அவை கூட்டமாக வருவதைக் கண்டால் சவுந்தரம் கதவைச் சாத்திக்கொள்வாள் என்று, பார்க்க வந்த சலேஹாவிடம் பீட்டர் சொல்லிச் சிரித்தான். சலேஹா சிரிக்கவில்லை. எழுந்து போய் வாத்துகளை விரட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.